உடல் வளர்ச்சியும் ஒரு திட்டமே

(ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய மாதக் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)

 

இக்கூட்டத்தில் நாம் வழக்கமாகப் பேசுவன குடிநீர்த் தொட்டியும், ஊர்ச் சாலையும், தெரு விளக்கும், நிலுவையில் நிற்கும் வீட்டு வரியுமே ஆகும். இன்று அவற்றினின்றும் மாறுபட்ட ஒரு பொருளைப் பற்றிப் பேசுமாறு கூட்டத் தலைவர் அவர்கள் பணித்தார்கள். விடியற்காலை நான்கரை மணிக்கு அலுவலர் ஒருவர் வயற்காட்டுச் சாலையில் மிதிவண்டியிற் செல்வதும், கிணற்றில் இறங்கி ஒரு மணி நேரம் இக்கரைக்கும் அக்கரைக்குமாக நீந்துவதும், பிறகு எவரும் துரத்தாமலே ஓடுவதும் உங்களிற் பலர் கண்ட காட்சிகள். ஊர் நாய்களும் கண்டு தம் கருத்தைத் தெரிவித்துள்ளன. "இவருக்கு என்ன நேர்ந்தது?" என்று சிலர் அலுவலகத்திற்கே வந்து வினவியதுண்டு. அவ்வினாவிற்கு விடை கூறுவதே இவ்வுரையின் நோக்கம்.

2023 ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்தில் ஒரு நாள், சாலைப் பணி ஒன்றைப் பார்வையிட நமது ஒன்றியத்துச் சிற்றூர் ஒன்றிற்குச் சென்றிருந்தோம். பிற்பகல் மூன்று மணி அளவில் கூக்குரல் கேட்டது. பத்து வயதுச் சிறுவன் ஒருவன் பண்ணைக்குட்டையில் தவறி விழுந்துவிட்டான். அக்குட்டை எம் கையொப்பத்தின் பேரில் வெட்டப்பட்டது. அதன் நீளம், அகலம், ஆழம், கொள்ளளவு ஆகிய யாவும் அளவைப் புத்தகத்தில் செம்மையாகப் பதிவாகியிருந்தன. ஆனால், ஏறி வருவதற்கு அதில் படி இல்லை. பற்றிக்கொள்ளக் கயிறு இல்லை. சுற்றிலும் வேலி இல்லை. ஓடிச் சென்ற நாம் கரையில் நின்றோம். எமக்கு அப்பொழுது வயது நாற்பத்தொன்று, பட்டம் பெற்றவர், நீந்தத் தெரியாதவர். அறுபது வயதைக் கடந்த விவசாயி ஒருவர், தோளில் இருந்த மண்வெட்டியை எறிந்துவிட்டு, கட்டிய வேட்டியோடு குதித்துச் சிறுவனை மேலே கொணர்ந்தார். கூடியிருந்தோர் அவனைக் கால்களைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கினர், வயிற்றை அழுத்தினர். செய்யத் தக்கது யாது என்பதை அறிந்தவர் அங்கு ஒருவருமில்லை. நாமும் அறியோம். சிறுவன் பிழைக்கவில்லை.

அந்த மாலைப் பொழுதைப் பற்றி இதற்கு மேல் கூற எமக்கு மனவலிமை இல்லை. சிறுவனின் பெற்றோர் இன்று இக்கூட்டத்திற்கு வந்திருக்கின்றனர். அவர்தம் இசைவைப் பெற்றே இதனைக் கூறினோம்.

அதே திங்களின் இறுதியில் மருத்துவ முகாம் ஒன்றில் எம்மைச் சோதித்த மருத்துவர், வெறும் வயிற்றில் எடுத்த இரத்தச் சர்க்கரை 116 என்றார். நூறுக்குக் கீழ் இருப்பது நலம். 126 ஐத் தொட்டால் நீரிழிவு. இடைப்பட்டது அந்நோயின் வாயில். எடை 86 கிலோ. எம் தந்தையார் அந்நோயால் கால் விரல்களை இழந்தவர். ஆகவே அவ்வாயில் எங்கே கொண்டு செல்லும் என்பதை எமக்கு எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மார்கழி முதல் வாரத்தில், சிறுவனை மேலே கொணர்ந்த அப்பெரியவரிடம் சென்று, நீச்சல் கற்பிக்குமாறு வேண்டினோம். அவர் எம்மை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஐயா, காலை ஐந்து மணிக்கு வர முடியுமா?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் அவருடைய கிணற்றில், உலர்ந்த சுரைக்காய்க் குடுக்கை இரண்டை எம் முதுகில் கட்டி இறக்கிவிட்டார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பர்; இக்கிணற்றுச் சுரைக்காயோ எம் உயிருக்கு உதவிற்று. முதல் பத்து நாள் நாம் செய்ததெல்லாம் படியைப் பற்றிக்கொண்டு நீருக்குள் மூச்சு விட்டதே. "தலையைத் தூக்காதீர்கள் ஐயா. தலை ஏறினால் கால் இறங்கும்" என்று அவர் ஓயாது கூறினார். நீச்சல் பற்றிப் பின்னர் நாம் படித்த நூல்கள் அனைத்தும் இதே உண்மையைப் பல பக்கங்களில் கூறின. மூன்றாம் வாரத்தில் பதினைந்து மீட்டர் நீளமுள்ள அக்கிணற்றைக் குடுக்கையின்றிக் கடந்தோம். கரை ஏறியபின் எம் கை நடுங்கியது குளிரால் அன்று.

நிற்க. நீந்தக் கற்றதோடு நிறுத்தியிருக்கலாமே. ஓட்டமும் மிதிவண்டியும் எதற்கு என்று கேட்பீர்கள். அலுவலகத்தில் இளம் பொறியாளர் ஒருவர் 'டிரையத்லான்' என்னும் முத்திறப் போட்டியைப் பற்றிக் கூறினார். நீச்சல், மிதிவண்டி, ஓட்டம் ஆகிய மூன்றையும் ஒரே நாளில், இடையில் ஓய்வின்றி, அடுத்தடுத்துச் செய்து முடிப்பதே அது. களைத்த பின் நீரில் இறங்குவது ஆபத்து ஆதலின் நீச்சல் முதலில் வருகிறது. இதன் நெடுந்தூர வடிவம் அமெரிக்காவின் ஹவாய்த் தீவுகளில் ஒவாஹு என்னும் தீவில் பிறந்தது. நீந்துவோர், மிதிவண்டி ஓட்டுவோர், ஓடுவோர் ஆகிய மூவருள் யார் வலியவர் என்ற வாதம் ஒன்று எழ, கடற்படை அலுவலரான ஜான் காலின்ஸ் என்பவர், அத்தீவில் தனித்தனியே நடந்துவந்த மூன்று போட்டிகளின் தூரங்களை ஒன்றாக இணைக்கலாம் என்றார். 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் மிதிவண்டி, 42.2 கிலோமீட்டர் ஓட்டம். ஆக மொத்தம் 226 கிலோமீட்டர். 1978 ஆம் ஆண்டு பிப்ரவரி 18 ஆம் நாள் 15 பேர் புறப்பட்டனர். 12 பேர் முடித்தனர். முதலில் வந்த கோர்டன் ஹாலர் எடுத்துக்கொண்ட நேரம் 11 மணி 46 நிமிடம். முன்னணியில் இருந்த ஜான் டன்பார் இரண்டாம் இடத்தையே பெற்றார். அவருடைய துணையாட்களிடம் குடிநீர் தீர்ந்துபோனமையால் பீர் கொடுத்தனர் என்று கூறப்படுகிறது. குடிநீர் ஏற்பாட்டைக் கவனிக்காத திட்டம் எங்கும் இடையில் நிற்கும் என்பதை இம்மன்றத்தார் நன்கு அறிவர். அடுத்த ஆண்டு, 1979 இல், லின் லெமேர் என்னும் பெண்மணி முதன்முதலாக இத்தூரத்தை முடித்தார்.

1982 ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஹவாயில் நடந்த போட்டியில் பெண்களுள் முதலாவதாக வந்த ஜூலி மாஸ் என்னும் மாணவி, எல்லைக் கோட்டிற்குச் சில மீட்டர் தூரத்தில் கால்கள் ஓய்ந்து விழுந்தார். வேறொருவர் அவரைக் கடந்து வெற்றி பெற்றார். ஜூலி மாஸோ எழ இயலாமல், கைகளையும் முழங்கால்களையும் ஊன்றித் தவழ்ந்து சென்று கோட்டைத் தொட்டார். தொலைக்காட்சியில் அதனைக் கண்ட பலர் இவ்விளையாட்டின்பால் ஈர்க்கப்பட்டனர். ஜப்பான் நாட்டு ஹிரோமு இனாடா என்னும் முதியவர் தம் எழுபதாம் வயதில்தான் முதல் முத்திறப் போட்டியில் இறங்கினார். 2018 ஆம் ஆண்டில், 85 ஆம் வயதில், ஹவாயில் முழுத் தூரத்தையும் 17 மணி நேர வரம்பிற்குள் முடித்தார். நாற்பதைக் கடந்தவர் "எனக்கு வயதாகிவிட்டது" என்று கூறுமுன் இம்முதியவரை நினைத்துக்கொள்வது நன்று.

இதனைக் கேட்டபொழுது எமக்குத் தோன்றியது ஒன்றே. நீச்சலை மட்டும் இலக்காகக் கொண்டால் சில மாதங்களில் சலித்துப்போகும். சர்க்கரையைக் குறைப்பதை மட்டும் இலக்காகக் கொண்டால் அடுத்த சோதனை வரையில் நினைவிருக்கும். தூரத்தே ஒரு பெரிய இலக்கை நட்டுவைத்தால் அன்றாடச் சிறு வேலை அதனை நோக்கித் தானே நடக்கும். ஆகவே எம் உடலையும் ஓர் ஒன்றியமாகக் கருதி, மூன்றாண்டுத் திட்டம் ஒன்றை வகுத்தோம். முதலாண்டு அடிப்படை வேலை. இரண்டாம் ஆண்டு அரைத் தூரம், அதாவது 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 கிலோமீட்டர் மிதிவண்டி, 21.1 கிலோமீட்டர் ஓட்டம். மூன்றாம் ஆண்டு முழுத் தூரம். மருத்துவர் இதயத்தைச் சோதித்து இசைவளித்த பின்னரே ஓடத் தொடங்கினோம். நாற்பது வயதிற்கு மேல் எவர் தொடங்கினும் இதுவே முறை.

திட்டம் என்றால் கணக்கு வேண்டும். முழுத் தூரப் போட்டிகளில் பெரும்பாலும் நீச்சலுக்கு 2 மணி 20 நிமிடமும், மொத்தத்திற்கு 17 மணியும் வரம்பு. 3,800 மீட்டரை 140 நிமிடத்தில் நீந்துவதென்றால் 100 மீட்டருக்கு 3 நிமிடம் 41 வினாடி. இச்சிறு எண்ணே எமக்கு மலையாகத் தோன்றிற்று. ஏனெனில், நான்காம் மாதத்தில் எம் வேகம் 100 மீட்டருக்கு 4 நிமிடம் 30 வினாடி. அதுவும் 100 மீட்டரோடு மூச்சு முட்டி நின்றுவிடும். கிணற்றில் இத்தனை முறை கடந்தோம் என்பதை நினைவிற்கொள்ளப் பெரியவர் படியில் புளியங்கொட்டைகளை வைத்து, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்றாக நகர்த்துவார். ஆறாம் மாதத்தில் இருபது கொட்டை. ஒன்பதாம் மாதத்தில் அறுபது. பின்னர் ஞாயிறுதோறும் மாவட்டத் தலைநகரில் உள்ள ஐம்பது மீட்டர் நீச்சற்குளத்திற்குச் சென்றோம். பதினோராம் மாதத்தில் 100 மீட்டருக்கு 3 நிமிடம் 30 வினாடி என்ற வேகத்தில் 1,900 மீட்டரை இடையில் நில்லாமல் நீந்தினோம்.

ஓட்டத்தில் நேர்ந்த பிழையையும் மறைக்கலாகாது. முதல் நாள் நாம் ஓடியது 400 மீட்டர். அதற்கே விலாப் பிடித்துக்கொண்டது. எனவே இரண்டு நிமிட ஓட்டம், இரண்டு நிமிட நடை என்று மாற்றி மாற்றிச் செய்து, நான்கு மாதத்தில் 5 கிலோமீட்டரை எட்டினோம். அந்த மகிழ்ச்சியில் அவசரம் புகுந்தது. ஒரே வாரத்தில் 18 கிலோமீட்டரிலிருந்து 34 கிலோமீட்டருக்குத் தாவினோம். முன்கால் எலும்பில் வலி கண்டது. ஆறு வாரம் ஓட்டத்தை நிறுத்தும்படி மருத்துவர் ஆணையிட்டார். மூச்சும் இதயமும் விரைவில் வலுப்பெறும். எலும்பும் நரம்பிணைப்பும் மெல்லத்தான் வலுப்பெறும். புதிதாக நட்ட கன்றுக்கு ஒரே நாளில் குடம் குடமாக நீர் ஊற்றினால் வேர் அழுகும் என்பது உங்களுக்குத் தெரியும். அதன் பின் மூன்று வாரம் சிறிது சிறிதாகக் கூட்டுவது, நான்காம் வாரம் குறைத்து உடலுக்கு ஓய்வளிப்பது என்ற முறையைக் கைக்கொண்டோம். பயிற்சியின் பெரும்பகுதியை, உடன் வருபவரோடு பேசிக்கொண்டே செல்லக்கூடிய மெதுவான வேகத்திலேயே செய்தோம். மெதுவாகச் செய்தால் வேகம் வருமோ என்று ஐயுறுவீர்கள். வந்தது. தொடக்கத்தில் ஒரு கிலோமீட்டர் ஓட 9 நிமிடம் தேவைப்பட்டது. அதே மூச்சளவில் இன்று 7 நிமிடம் 20 வினாடி.

உணவைப் பற்றிய பாடத்தைத் தேநீர்க் கடை ஒன்றில் கற்றோம். பத்தாம் மாதத்தில் முதன்முறையாக 120 கிலோமீட்டர் மிதிவண்டி ஓட்டப் புறப்பட்டு, இரண்டு இட்டலியும் ஒரு குப்பி நீரும் போதும் என்று எண்ணினோம். 95 ஆம் கிலோமீட்டரில் கண் இருண்டது; கை கால் ஓய்ந்தன; சாலையோரப் புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டோம். கடைக்கார அம்மையார் வெல்லம் கரைத்த நீரில் உப்பிட்டுக் கொடுத்து, "தம்பி, வண்டிக்கு எண்ணெய் ஊற்றாமல் ஓட்டலாமா?" என்றார். உடல் தசைகளிலும் ஈரலிலும் சேர்த்து வைக்கும் மாவுச்சத்து, இடைவிடாத கடும் உழைப்பில் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். ஆகவே நெடிய பயிற்சியில் மணிக்கு ஏறத்தாழ 60 கிராம் மாவுச்சத்து உட்கொள்ள வேண்டும் என்பது வல்லுநர் கருத்து. நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் கிடைப்பது 25 கிராம் அளவே. நாம் கைக்கொண்டவை வாழைப்பழம், கடலை மிட்டாய், வெல்லமும் உப்பும் கரைத்த நீர் ஆகியன. வியர்வையில் உப்பும் வெளியேறுவதால், பல மணி நேரம் வெறும் நீரையே அளவுக்கு மீறிக் குடிப்பதும் தீங்கு. இரத்தத்தில் உப்பு குறைந்து மயக்கமும் உயிராபத்தும் நேரலாம். கோடையில் நாற்று நடுவோரும் களையெடுப்போரும் உப்பிட்ட மோரையும் நீராகாரத்தையும் குடிக்கும் வழக்கத்திற்கு இதனினும் சிறந்த விளக்கம் வேண்டா.

நேரம் எங்கிருந்து வந்தது என்று கேட்போருக்கு ஒரு சொல். அலுவலக நேரத்தில் ஒரு நிமிடத்தையும் இதற்கு எடுக்கவில்லை. காலை நாலேகாலுக்கு எழுவது, இரவு ஒன்பதரைக்கு உறங்குவது, இவை இரண்டே வழி. தொலைக்காட்சியும் கைப்பேசியும் இரவில் விழுங்கிய இரண்டு மணி நேரமே காலையில் திரும்பக் கிடைத்தது. ஆயினும் இதற்கு விலை கொடுத்தவர் எம் இல்லத்தரசியார். ஞாயிற்றுக்கிழமைகளை நாம் சாலையிற் கழிக்க, வீட்டுச் சுமை முழுவதும் அவர் மேல் விழுந்தது. ஓராண்டு பொறுத்தபின், "ஊருக்கெல்லாம் திட்டம் போடுகிறீர்கள், இந்த வீடு எந்தத் திட்டத்தில் வருகிறது?" என்று கேட்டார். அவ்வினாவிற்கு எம்மிடம் மறுமொழி இல்லை. அன்றுமுதல் மாதத்தில் இரண்டு ஞாயிறுகள் வீட்டிற்கென்றே ஒதுக்கப்பட்டன. பயிற்சி குறைந்ததால் முன்னேற்றம் குன்றவில்லை என்பதையும் பதிவு செய்கிறோம்.

இனி எம் தோல்வியைக் கூறுவோம். 2024 ஆம் ஆண்டின் இறுதியில் கடற்கரை ஊர் ஒன்றில் நடந்த அரைத் தூரப் போட்டியில் கலந்துகொண்டோம். நீச்சலுக்கு வரம்பு 1 மணி 10 நிமிடம். குளத்தில் 66 நிமிடத்தில் முடித்திருந்தமையால் நம்பிக்கையோடு இறங்கினோம். கிணற்றில் அலை இல்லை. குளத்தின் அடியில் நேர்க்கோடு உண்டு. கடலிலோ அலை எம்மைத் தூக்கிற்று. உப்புநீர் வாயில் புகுந்தது. தலையைத் தூக்கி மிதவைக் குறியைப் பார்க்கப் பழகாததால் கோணல் மாணலாக நீந்தி, வீணே தூரத்தைக் கூட்டிக்கொண்டோம். கரையை அடைந்தபொழுது 1 மணி 13 நிமிடம். எம் காலில் கட்டியிருந்த அடையாளப் பட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டனர். எம்முடைய மிதிவண்டி வரிசையில் நின்றபடியே நின்றது. மூன்று நிமிடம், அவ்வளவே. கோப்பில் எல்லாம் சரியாக இருந்தும் களத்தில் பிழைபட்ட பண்ணைக்குட்டையே அன்று எம் நினைவிற்கு வந்தது.

ஊர் திரும்பிப் பெரியவரிடம் கூறினோம். அவர் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. "கிணற்றில் படித்தீர்கள், கிணற்றில் தேர்ந்தீர்கள். ஏரிக்கு வாருங்கள்" என்றார். அடுத்த மழைக்காலத்தில் பரிசலும் கயிறும் துணையிருக்க, ஏரியில் காற்றடிக்கும் மாலை வேளைகளில் நீந்தினோம். எட்டுக் கைவீச்சுக்கு ஒரு முறை கண்ணை மட்டும் உயர்த்திக் கோவில் கோபுரத்தைக் குறியாகப் பார்த்துத் திசை திருத்தப் பழகினோம். மிதிவண்டியிலிருந்து இறங்கியவுடன் ஓடுவதையும் வாரம் ஒருமுறை பயின்றோம். முதல் சில நிமிடம் கால்கள் மரக்கட்டைகள் போலிருக்கும், பழகினால் நீங்கும்.

2025 ஆம் ஆண்டின் இறுதியில் மீண்டும் அரைத் தூரப் போட்டிக்குச் சென்றோம். நீச்சல் 1 மணி 2 நிமிடம். மிதிவண்டி 3 மணி 38 நிமிடம். ஓட்டம் 2 மணி 39 நிமிடம். உடை மாற்றவும் மிதிவண்டி எடுக்கவும் 15 நிமிடம். ஆக 7 மணி 34 நிமிடம். வரம்பிற்கு முன்னரே எல்லையைத் தொட்டோம். எமக்கு முன்னே வந்தோர் பலர். பின்னே வந்தோர் சிலர். எம் எடை இன்று 71 கிலோ. வெறும் வயிற்றுச் சர்க்கரை 94. ஓய்வு நிலையில் நிமிடத்திற்கு 84 ஆக இருந்த நாடித்துடிப்பு இன்று 60.

இவ்வாண்டு முடிவதற்குள் முழுத் தூரத்தை முயல இருக்கிறோம். தற்போது எம் நீச்சல் வேகம் 100 மீட்டருக்கு 3 நிமிடம் 10 வினாடி. அவ்வேகம் நிலைத்தால் 3,800 மீட்டருக்கு 2 மணி. மணிக்கு 24 கிலோமீட்டர் வீதம் 180 கிலோமீட்டருக்கு ஏழரை மணி. ஓட்டமும் நடையுமாக ஐந்தே முக்கால் மணி. இடைவேளைகளைச் சேர்த்துப் பதினாறு மணிக்குள் அடங்கும். இது காகிதக் கணக்கு. கடலும் வெயிலும் எதிர்காற்றும் தத்தம் கணக்கை வைத்திருக்கும். முடிப்போம் என்று உறுதி கூறமாட்டோம். ஆயத்தமாகச் செல்வோம் என்று மட்டும் கூறுவோம்.

"நாள் முழுதும் உழைப்பவனுக்கு ஓட்டம் எதற்கு?" என்று விவசாயி ஒருவர் சென்ற மாதம் கேட்டார். தக்க வினா. மண்வெட்டி பிடிப்பவர் ஓட வேண்டா. ஆனால் இன்று உழவு டிராக்டரில், அறுவடை இயந்திரத்தில், கால் மைல் தூரமுள்ள வயலுக்கும் இருசக்கர வண்டியில். உழைப்பு குறைந்தது, தட்டில் சோறு குறையவில்லை. நமது மருத்துவ முகாம்களில் சர்க்கரை நோயாளிகள் பட்டியலில் விவசாயிகளின் பெயர்கள் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். நாள்தோறும் அரை மணி நேரம் விரைந்து நடந்தாலே பெரும் பயன் உண்டு. 226 கிலோமீட்டர் எவருக்கும் தேவையில்லை.

ஆனால் நீச்சல் எல்லோருக்கும் தேவை. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2021 ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர். அதே ஆண்டில்தான் ஐக்கிய நாடுகள் பொதுச் சபை ஜூலை 25 ஆம் நாளை நீரில் மூழ்குதலைத் தடுக்கும் நாளாக அறிவித்தது. நமது ஒன்றியத்தில் நாம் செய்ததைக் கூறுகிறோம். எம் கையொப்பத்தில் வெட்டப்பட்ட ஒவ்வொரு பண்ணைக்குட்டைக்கும் நேரிற் சென்று, படியும், முடிச்சுகளிட்ட கயிறும், வேலியும் அமைக்கச் செய்தோம். இன்னும் ஏழு எஞ்சியுள்ளன. பெரியவரின் கிணற்றில் ஞாயிறு காலைகளில் சிறுவர்களுக்கு நீச்சல் கற்பிக்கப்படுகிறது. "பெண் பிள்ளைகள் மட்டும் மூழ்கலாமா?" என்று தாய்மார் கேட்டதன் பேரில், இளமையில் நீந்தப் பழகிய ஆசிரியை ஒருவர் சனிக்கிழமைகளில் சிறுமியருக்கு வேறொரு கிணற்றில் கற்பிக்கிறார். இதுவரை 64 குழந்தைகள் துணையின்றி நீந்துகின்றனர். வகுப்பு நடக்கும்பொழுது மின் மோட்டாரின் இணைப்பைத் துண்டித்து வைப்பதும், நீந்தத் தெரிந்த பெரியோர் இருவர் கரையில் நிற்பதும் கட்டாயம்.

ஊராட்சி உறுப்பினர்கள் நினைவிற்கொள்ள வேண்டியவை சில. நீந்தத் தெரியாதவர் பிறரைக் காக்கக் குதிக்கலாகாது. உயிர் ஒன்று போவது இரண்டாகும். கயிறு, வேட்டி, நீண்ட கழி, மூடிய காலி நெகிழிக் குடம் ஆகியவற்றுள் கிடைத்ததை எறியுங்கள். மேலே கொணர்ந்தவரைத் தலைகீழாகத் தூக்குவதும், சுழற்றுவதும், வயிற்றை அழுத்துவதும் கூடா. அவற்றால் விலைமதிப்பற்ற நிமிடங்கள் வீணாகும். வயிற்றிலுள்ளது மூச்சுக்குழலுக்குட் சென்று அடைக்கும். மூச்சில்லையெனில் மல்லாக்கக் கிடத்தி, மோவாயை உயர்த்தி, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து முதலில் மூச்சு ஊதுங்கள். பின்னர் மார்பின் நடுவில் 30 முறை அழுத்துவதும் 2 முறை ஊதுவதுமாக, உதவி வரும்வரை மாறி மாறிச் செய்யுங்கள். 108 க்கு உடனே ஒருவர் தகவல் தரட்டும். இதனைக் கேட்டறிந்தால் போதாது. கையாற் செய்து பழக வேண்டும். வரும் ஜூலை 25 அன்று ஊராட்சிக்கு ஐவர் வீதம் ஒன்றிய அலுவலகத்தில் செயல்முறைப் பயிற்சி பெற ஏற்பாடு செய்துள்ளோம். பெயர்களை இன்றே தருக.

எம் தகுதி பெரிதன்று. நாற்பத்தொரு வயதில் கரையில் செயலற்று நின்ற ஒருவர், நாள்தோறும் சிறிதளவு முயன்று, இன்று நீரில் இறங்கத் தகுதி பெற்றார் என்பதே எம் கதை. அச்சிறுவனுக்கு இது பயன்படவில்லை. சென்ற சனிக்கிழமை ஏழு வயதான அவன் தங்கை, சுரைக்குடுக்கையைக் கழற்றி வைத்துவிட்டுக் கிணற்றின் அக்கரையைத் தொட்டாள். அவள் தாயார் படியில் அமர்ந்து புளியங்கொட்டையை நகர்த்தினார்.

மீதமுள்ள ஏழு குட்டைகளுக்கும் வேலி அமைக்கும் செலவுத் திட்டம் உங்கள் முன் உள்ளது. அதனை இக்கூட்டத்திலேயே நிறைவேற்றித் தருமாறு வேண்டி, எமது உரையை முடிக்கிறோம்.